கடலுக்குப் போன பெட்டி

எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தில் நான் ஒளித்து வைத்திருந்த பெட்டி, ஒளித்து வைத்த இடத்தோடு சேர்ந்து காணாமல் போயிருந்தது. ஒரு சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு அது தெரிய வந்தபோது, அந்தப் பெட்டியைத் தேடி வந்த தூத்துக்குடிப் பெண் ஒருவர் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

ஜியோகேச்சிங் என்பது விளக்கிச் சொன்னால் சிறுபிள்ளைத்தனமாகத் தெரியும் விளையாட்டு. ஒருவர் ஒரு சின்னப் பெட்டியை எங்காவது ஒளித்து வைத்துவிட்டு, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் போடுவார். முன்பின் தெரியாதவர்கள் போனைப் பார்த்துக்கொண்டே தேடி வருவார்கள். உள்ளே இருக்கும் நோட்டில் தேதி போட்டுக் கையெழுத்திட்டு, பெட்டியை இருந்த இடத்தில் இருந்தபடியே வைத்துவிட்டுப் போவார்கள். பரிசு எதுவும் கிடையாது. நாளிதழ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நான் இதில் சேர்ந்தேன். வீடு ராயபுரம் கல்மண்டபத்தில். காலை நடைக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது.

எழுதி வைத்த விதிகளை விட எழுதாத பழக்கங்கள்தான் இதில் அதிகம். சொந்தப் பேனா கொண்டுபோக வேண்டும். பெட்டியிலிருந்து ஒரு பொருளை எடுத்தால் அதற்கு ஈடான ஒன்றை வைக்க வேண்டும். தின்பண்டம் வைக்கக் கூடாது, எறும்பு வரும், பிறகு எலி வரும். இணையத்தில் குறிப்பு எழுதும்போது அடுத்தவரின் தேடலைக் கெடுக்கும்படி இடத்தைச் சொல்லிவிடக் கூடாது. துறைமுக மதில், ரயில் பாதை, அனல்மின் நிலைய வேலி ஆகியவற்றின் பக்கம் போகவே கூடாது. கறுப்பு டேப் சுற்றிய மர்ம டப்பா பற்றிய செய்திகளை நானே திருத்தி அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன். அதனால் என் பெட்டி உள்ளே இருப்பது தெரியும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கில் இருந்தது. மூடியில் 'விளையாட்டுப் பெட்டி, ஆபத்தில்லை' என்று ஒட்டியிருந்தேன்.

இன்னொரு பழக்கம், தேடுவது மற்றவர் கண்ணில் படாமல் தேடுவது. செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் குனிவார்கள், போனில் பேசுவதுபோல் நிற்பார்கள். ராயபுரத்துக்கு வடக்கே இது செல்லுபடியாகாது. இங்கே ஒருவர் குனிந்தால் "இன்னா சார் உய்ந்துச்சு?" என்று கேட்டபடி மூன்று பேர் சேர்ந்து குனிவார்கள். திருவொற்றியூரில் ஒரு பெட்டியைத் தேடப் போய், தொலையாத என் மோதிரத்துக்காக ஒரு ஆட்டோ ஸ்டாண்டே கால் மணி நேரம் வேலையை விட்டது. மோதிரம் என்று சொன்னது நான்தான்.

ஆகவே முகத்துவாரத்தில் பெட்டி வைக்க நினைத்தபோது ஆள் குறைந்த இடமாகப் பார்த்தேன். குப்பத்தின் வடக்கு ஓரத்தில் ஒரு பழைய பைபர் படகு மணலில் கிடந்தது. அடியில் தலை நுழையும் அளவு ஓட்டை. நிழலுக்கு இரண்டு ஆடுகள் படுத்திருக்கும். படகின் முன்மூக்கில் சாமான் வைக்கும் பொந்து ஒன்று உண்டு. என் பெட்டி அதற்குள் அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது.

அடுத்தவர் சொத்தில் வைத்தால் அனுமதி கேட்க வேண்டும் என்பது இந்த விளையாட்டின் முதல் மரியாதை. கேட்டேன். யாரிடம் கேட்டேன் என்பதில்தான் கோளாறு. பத்தடி தள்ளிப் பெட்டிக்கடை வைத்திருப்பவரிடம் கேட்டேன். தென் மாவட்டத்துக்காரர், முப்பது வருடமாக இங்கே கடை நடத்துகிறார்.

"அது செத்த படகு, சார். இனி எங்கயும் போவாது. தாராளமா வையுங்க" என்றார்.

எங்கும் போகாது என்று அவரே சொன்ன பிறகு படகுக்காரரைத் தேடிப் போக எனக்குத் தோன்றவில்லை.

வெயில் காலத்தில் வைத்த பெட்டிக்கு மழைக்கு முன் ஏழு பேர் வந்து கையெழுத்திட்டார்கள். அதில் ஒருவர் உள்ளே ஒரு சங்கை விட்டுப் போனார். கட்டைவிரல் அளவு, வழவழப்பாகத் தேய்த்தது. அதில் எண் பொறித்த ஒரு தகடும், பிளாஸ்டிக் உறை போட்ட சிறு அட்டையும் தொங்கின. 'நான் ஊர் சுற்ற வேண்டும். என்னை அடுத்த இடத்துக்குக் கொண்டுபோங்கள். கடைசியில் தூத்துக்குடி சேர வேண்டும்' என்று அட்டையில் எழுதியிருந்தது. இந்த மாதிரிப் பயணப் பொருள்களை யாரும் வைத்துக்கொள்ளக் கூடாது. ஒரு பெட்டியில் எடுத்து இன்னொரு பெட்டியில் போட்டு, எண்ணை இணையத்தில் பதிய வேண்டும்.

சங்கை அனுப்பியவர் தூத்துக்குடியில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் வேலை பார்க்கும் பெண். ஐந்து வருடத்துக்கு முன் ஆறு பொருள்களை அனுப்பியிருக்கிறார். ஐந்து தொலைந்துவிட்டன. மிஞ்சியது இந்தச் சங்கு மட்டும். கொச்சி, கோவா, கொல்கத்தா எல்லாம் சுற்றிவிட்டு என் பெட்டியில் வந்து நின்றது. அலுவலகப் பயிற்சிக்காகச் சென்னை வருவதாகவும், ஊருக்குத் திரும்பும்போது சங்கைத் தன் கையாலேயே கொண்டுபோய்ப் பயணத்தை முடித்து வைக்க ஆசை என்றும் எனக்குச் செய்தி அனுப்பினார். பெட்டி பத்திரமாக இருக்கிறதா என்று கேட்டிருந்தார்.

'பத்திரமாக இருக்கிறது' என்று உடனே பதில் போட்டேன். நான் அங்கே போய் இரண்டு மாதமாகியிருந்தது. பெட்டி வைத்தவர் அவ்வப்போது போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதும் ஒரு பழக்கம்தான். சரிபார்க்காமல் எழுதாதே என்று முப்பது வருடம் மற்றவர்களைக் கடிந்துகொண்டவன் செய்த காரியம் இது.

சனிக்கிழமை அவருக்குப் பிற்பகல் விமானம். எண்ணூரிலிருந்து விமான நிலையம் ஊரின் அந்தக் கோடி. பன்னிரண்டு மணிக்குள் புறப்பட வேண்டும் என்றார். பெட்டி வைத்தவர் வழிகாட்டக் கூடாது என்பதால் நான் கடை மறைவில் நின்றுகொண்டேன். அவர் போனைப் பார்த்தபடி வடக்கே நடந்தார், நின்றார், திரும்பி என்னைக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால், படகு கிடந்த இடத்தில் நீளமான பள்ளமும் ஆட்டுப் புழுக்கையும் மட்டும் இருந்தன.

"சார், நான் பத்து அடி தள்ளி நிக்கேனா, இல்ல சரியாத்தான் நிக்கேனா?"

"சரியாத்தான் நிக்கிறீங்க."

பெட்டிக்கடைக்காரர் வெளியே வந்தார். "அந்தப் படகா? போன மாசமே ஓட்டைய அடைச்சு, பெயின்ட் அடிச்சு, கடல்ல இறக்கிட்டாவளே."

"எங்கயும் போகாதுன்னு சொன்னீங்களே?"

"அன்னைக்குப் போற மாதிரியா இருந்துச்சு? நான் என்னத்தக் கண்டேன்?" என்றவர், அந்தப் பெண் பக்கம் திரும்பினார். "பேச்சப் பாத்தா நம்ம பக்கம் மாதிரி இருக்கே. டீ குடிக்கியளாம்மா?"

அதற்கு மேல் ரகசியம் காக்க வழியில்லை. கரையில் கூடையோடு படகுகளுக்காகக் காத்திருந்த மீன்காரம்மா ஒருவரிடம் விசாரித்தேன். படகு விடிவதற்கு முன்பே கடலுக்குப் போய்விட்டது, பத்துப் பத்தரைக்கு வரும் என்றார்.

"அதுல இன்னா சார் உட்டுட்ட?"

விளக்கினேன். செத்த படகு, பெட்டி, எண்கள், தேடுவது, கையெழுத்து, திரும்ப வைப்பது.

"இரு, இரு. நீயே ஒளிச்சு வெச்சிட்டு, எங்க கீதுன்னு நீயே ஊருக்கெல்லாம் சொல்லிடுவ?"

"ஆமாம்."

"அப்ப ஒளிக்கிறது இன்னாத்துக்கு? மடில வெச்சிகினு குந்திகினா வர்றவன் கைய்த்து போட்டுட்டு போறான்." பக்கத்துக் கூடைக்காரி சிரித்த சிரிப்பில் தராசுத் தட்டு ஆடியது.

தூத்துக்குடிப் பெண் சிரிக்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். படகைச் சரிசெய்தவர்கள் பொந்தைக் காலி செய்திருப்பார்கள், டப்பாவைக் குப்பையில் போட்டிருப்பார்கள் என்று மெதுவாகச் சொன்னார். எனக்கும் அதே எண்ணம்தான். டீயில் கவனம் செலுத்தினேன்.

பத்தரைக்குப் படகு வரவில்லை. பதினொன்றுக்கும் வரவில்லை. பதினொன்றே காலுக்கு முகத்துவாரத்தின் நடுவே ஒரு நீலப் படகு தெரிந்தது. மீன்காரம்மா எழுந்து நின்று, "அதோ வர்து உன் செத்த போட்டு" என்றார்.

நான்கு பேர் இறங்கி மணலில் இழுத்தார்கள். படகுக்காரர் ஐம்பது வயதுக்காரர், தலையில் துண்டு. நான் தயங்கித் தயங்கி ஆரம்பித்தேன். பாதியிலேயே அவர் கையைத் தட்டினார்.

"டப்பா உன்னுதா நைனா? இவ்ளோ நாளா எங்க பூட்ட? நோட்டு தீந்து பூட்ச்சு."

பொந்துக்குள் கைவிட்டுப் பெட்டியை எடுத்தார். படகைச் சரிசெய்தபோது கண்டெடுத்திருக்கிறார். உள்ளே நான் வைத்திருந்த அறிவிப்பைப் படித்திருக்கிறார். திறப்பவர் தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும், எடுத்தால் ஈடாக வைக்க வேண்டும், பெட்டியை இருந்த இடத்திலேயே வைக்க வேண்டும் என்று நான் எழுதியிருந்ததை ஒன்று விடாமல் செய்திருக்கிறார். பெயின்ட் அடித்து முடித்ததும் பெட்டியை இருந்த பொந்திலேயே திரும்ப வைத்தார். கடலுக்குப் போகும் ஒவ்வொரு நாளும் திறந்து, நான்கு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். நோட்டை விரித்துப் பார்த்தேன். ஏழு பேருக்குப் பிறகு முப்பது பக்கம் அந்த நால்வர்தான். ஒருநாள் கையெழுத்துக்குப் பக்கத்தில் 'ஒரே அலை, பேஜாரு' என்று குறிப்பு. என் அறிவிப்பை இவ்வளவு கவனமாகப் படித்தவர்கள் வேறு யாரும் இல்லை.

சங்கு பெட்டியில் இல்லை. அது இருந்த இடத்தில் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு ஒன்று இருந்தது.

"சங்கு..." என்றார் அந்தப் பெண்.

படகுக்காரர் இன்ஜின் பக்கம் காட்டினார். சிவப்பு நைலான் கயிற்றில் சங்கு தொங்கிக்கொண்டிருந்தது. தகடும் அட்டையும் அப்படியே இருந்தன. "ஊர் சுத்தணும்னு எய்திருந்துச்சு. அதான் டெய்லி இட்னு போறோம். ஈடு வெச்சிருக்கோம் பாரு, குண்டு."

அது தன்னுடையது என்றும், தூத்துக்குடிக்குக் கொண்டுபோக வந்திருப்பதாகவும் அந்தப் பெண் சொன்னதும் நால்வர் முகமும் மாறியது. இளையவர் ஒருவர் கயிற்றைக் கையால் பொத்திக்கொண்டார்.

"அத்த மாட்டின நாள்லேர்ந்து ஒரு நாள் கூட வெறுங்கையா திரும்பல. வேற எதுனா கேளும்மா."

அந்தப் பெண் வாதாடவில்லை. பையைத் திறந்து, இந்த விளையாட்டுக்காரர்கள் எப்போதும் வைத்திருக்கும் மாற்றுப் பொருள் பொட்டலத்தைப் படகின் விளிம்பில் கொட்டினார். சாவிக்கொத்து, கோலிக்குண்டு, சட்டையில் குத்தும் பேட்ஜ். நான்கு பேரும் பார்த்தார்கள். யாரும் தொடவில்லை. மணி பதினொன்று நாற்பது. கடைசியில் அவர் பையின் உள்ளறையிலிருந்து இன்னொரு தகட்டை எடுத்தார். உப்பளத்தில் உப்பு வாரும் மரப்பலகையின் விரல் நீள மாதிரி அதில் கட்டியிருந்தது. சென்னையில் ஏதாவது பெட்டியில் விடுவதற்காகக் கொண்டுவந்ததாம்.

"இத்துக்கு ராசி கீதா?" என்றார் படகுக்காரர்.

"தெரியாதுண்ணே. புதுசு. இன்னும் எங்கயும் போகல. உங்களோடதான் ஆரம்பிக்கணும்."

இளையவர் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "உப்புப் பலக, மாமு. மீனு இருந்தா உப்பு வோணும், உப்பு இருந்தா மீனு வராதா?"

இந்த வாதத்தில் ஓட்டை இருந்தது. ஆனால் படகில் யாரும் அதைத் தேடவில்லை. படகுக்காரர் சங்கை அவிழ்த்து, துண்டால் துடைத்து, அந்தப் பெண்ணின் கையில் வைத்தார். ஐந்து வருடம் கழித்து அதைப் பார்த்தவர் முதலில் செய்தது, ஓரத்தில் தான் தேய்க்காமல் விட்ட சிறு சொரசொரப்பை விரலால் தடவிப் பார்த்ததுதான். அது அங்கேயே இருந்தது போலிருக்கிறது. அப்போதுதான் சிரித்தார்.

கூடவே ஒரு பை கானாங்கெளுத்தியும் வந்தது. விமானத்தில் விட மாட்டார்கள் என்று அவர் மறுக்க, "அப்ப நைனா எடுத்துனு போவட்டும்" என்று என் கையில் திணித்தார்கள்.

ஆட்டோ வந்துவிட்டது. ஏறும் முன் அவர் போனைத் திறந்தார். புதுப் பொருளின் முதல் பதிவைப் போட வேண்டும், அதற்கு எண்கள் தேவை. "அண்ணே, இன்னைக்கு எங்க மீன் பிடிச்சீங்க? உங்க ஜி.பி.எஸ்ஸில பாயிண்ட் இருக்கும்லா?"

படகுக்காரர் ஜி.பி.எஸ் கருவியை எடுத்து, திரை உள்பக்கம் இருக்கும்படி இடுப்பு மடிப்பில் செருகிக்கொண்டார்.

"சங்கு கேட்ட, குட்த்தேன். மீனு கேக்காமயே குட்த்தேன். பாயிண்ட் மட்டும் கேக்காத தாயி. மீனு கீற எடத்த எங்கப்பன் கேட்டாலும் சொல்ல மாட்டேன்."

"சரிண்ணே, எதையாவது ஒண்ணு போடணுமே."

அவர் சுற்றிலும் பார்த்துவிட்டுப் பெட்டிக்கடையைக் காட்டினார். "அந்தக் கடைய போட்டுக்கோ. அது எங்கயும் போவாது."

கடைக்காரர் டீ கிளாஸைக் கழுவியபடி தலையசைத்தார். இந்த முறை அனுமதியை நான் நேராக உரிமையாளரிடமே கேட்டுக்கொண்டேன்.