வசந்தாவை நர்சுப் படிப்பில் சேர்க்க வேலூர் போன கதை

எங்கள் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். மூத்த பேரன் சண்முகம் எஸ்.எஸ்.எல்.சி.யில் பள்ளிக்கூடத்திலேயே இரண்டாவதாக வந்தான். இப்போது தபாலாபீசில் வேலை. அடுத்தவன் தணிகாசலம் புடவைக் கரைக்கு டிசைன் போடுகிறான். அவன் போட்ட அன்னப்பட்சியைப் பிள்ளையார்பாளையத்தில் மூன்று தெருக்காரர்கள் நெய்கிறார்கள். மூன்றாவது வசந்தா. அவளுக்கு வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்சுப் படிப்புக்கு இடம் கிடைத்தது. டாக்டருக்குப் பக்கத்தில் நின்று அவர் வேலையில் பாதியைத் தானே செய்கிற படிப்பு என்கிறாள். எங்கள் தெருவில் இப்படிப் போகிற முதல் பெண் அவள்தான். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். இருந்தாலும், இனிமேல் பெண்ணைக் கொண்டுபோய் விடப்போகிறவர்களுக்கு உதவுமே என்று எழுதுகிறேன்.

இடம் சும்மா கிடைக்கவில்லை. போன வருஷம் நேர்முகத்தில் வாயே திறக்காமல் திரும்பிவிட்டாள். ஒரு வருஷம் வீட்டில் பட்டு நூல் இழைத்துக்கொண்டே பாடம் படித்தாள். இந்த முறை, “ரத்தத்தைப் பார்த்தால் பயமா?” என்று கேட்டார்களாம். “பயம்தாங்க. ஆனா கை நடுங்காது” என்றாளாம். சேர்த்துக்கொண்டார்கள். இந்த வருஷமும் திரும்பி வந்தால் மாப்பிள்ளை பார்த்துவிடுவது என்று அவள் அப்பா, என் மகன் ஏகாம்பரம், முடிவாகச் சொல்லியிருந்தான்.

வரும்போது மூன்று வெள்ளைப் புடவை கொண்டுவர வேண்டும் என்று கடிதத்தில் இருந்தது. நெய்கிறவர்கள் நாங்கள், கட்டுவது என்னவோ பருத்திதான். ஆனால் மகன் கேட்கவில்லை. “நெசவுக்காரன் வூட்டுப் பொண்ணு கடைத்துணியிலயா போவா?” என்று வெள்ளைப் பட்டில் பாவு போட்டுவிட்டான். கரையில்லாத வெள்ளை எங்கள் தறியில் ஏறாது. அது என்னைப் போல் புருஷனை இழந்தவள் கட்டுவது. அதனால் ஒரு விரல் அகலத்துக்கு ஜரிகைக் கரை வைத்து மூன்று புடவை நெய்தான்.

கல்யாணப் புடவை ஒன்று தறியில் பாதியில் நின்றதால் மகனால் வர முடியவில்லை. துணைக்கு நான் புறப்பட்டேன். நல்ல காரியத்துக்குப் போகிறவள் எதிரே நான் வரக்கூடாது என்று, முன்னாடியே கொல்லை வழியாகப் போய்த் தெருமுனையில் நின்றுகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி பஸ். டிக்கெட் ஆளுக்கு இரண்டே முக்கால் ரூபாய். தகரப் பெட்டி மேலே ஏறிவிட்டது. பட்டு மூட்டையை மட்டும் நான் விடவில்லை.

“ஆயா, அதையும் மேல குடேன். ஒண்ணும் ஆவாது” என்றார் கண்டக்டர்.

“இதை நீ நெய்ஞ்சியா, நான் குடுக்கறதுக்கு?” என்றேன். பஸ்ஸே சிரித்தது.

தாமல் ஏரி, காவேரிப்பாக்கம் ஏரி இரண்டிலும் தண்ணீர் இருந்தது. வாலாஜாவில் பத்து நிமிஷம் நிற்கும். காப்பி நன்றாக இருக்கிறது. ராணிப்பேட்டை தாண்டிப் பாலாற்றுப் பாலம், வெறும் மணல். ஆற்காட்டுக்கு அப்புறம் வசந்தா கடிதத்தையே எடுத்து எடுத்துப் படித்தாள். ஒன்பது மணிக்கு வேலூர். ஆஸ்பத்திரிக்கு ஜட்கா வண்டி எட்டணா. பன்னிரண்டணா கேட்பார்கள், வேண்டாம் என்று நடக்கத் தொடங்குங்கள், இறங்கி வருவார்கள்.

விடுதி வார்டன் அம்மாள் பெட்டியைச் சரிபார்த்துவிட்டு மூட்டையைப் பிரித்தார். புடவையைத் தடவிப் பார்த்தார்.

“ரொம்ப அழகா இருக்கும்மா. ஆனா இது ஆகாது. இங்க துணியெல்லாம் கொதிக்கிற சோடாத் தண்ணியில போட்டு வெளுப்பாங்க. ஜரிகை என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். சாதாப் பருத்தி, கரை இருக்கக்கூடாது. நாளைக்குக் காலையில வகுப்பு. சாயந்திரத்துக்குள்ள கொண்டுவந்தா சேர்த்துக்கறேன். இல்லேன்னா அடுத்து நிக்கிற பொண்ணுக்குச் சொல்லிடுவாங்க.”

ஜட்காக்காரரை விடாமல் பிடித்துக் கடைவீதி முழுக்கச் சுற்றினோம். ஞாயிற்றுக்கிழமை. ஒரு துணிக்கடைகூடத் திறக்கவில்லை. பூட்டைப் பார்த்துக்கொண்டே வசந்தா, “அப்பா மாப்பிள்ளை பாத்துடுவாரு, ஆயா” என்றாள்.

இரண்டு நாள் தங்க நேர்ந்தால் மாற்றிக்கட்ட என்று, என் பையில் என்னுடைய வெள்ளைப் புடவை இரண்டு இருந்தன. பருத்தி, கரை கிடையாது. காலையிலிருந்தே அது எனக்குத் தெரியும். எப்படி எடுத்துக் கொடுப்பேன்? என் வீட்டுக்காரர் போன நாளிலிருந்து எந்த வீட்டுப் பெண்ணுக்கும் என் கையால் ஒரு முழம் பூ கொடுத்தவளில்லை நான். கல்யாணமாகாத பெண்ணுக்கு இதையா?

அவளே என் பையைப் பார்த்துவிட்டாள்.

“குடு, ஆயா.”

“வேணாண்டி. உங்கப்பன் என்னை வூட்டுல சேர்ப்பானா?”

“நீ இதைக் கட்டிக்கினுதானே என்னைத் தூக்கி வளர்த்த? எனக்கு என்னா கெட்டுப்போச்சு?”

பையை நீட்டினேன்.

விடுதிக்குத் திரும்பி, அவள் உள்ளே போய்க் கட்டிக்கொண்டு வந்தாள். நான் முதலில் நெற்றியைத்தான் பார்த்தேன். வார்டன் அம்மாளிடம் அன்று நான் கேட்டது ஒரே கேள்வி: “பொட்டு?”

“வச்சிக்கட்டும்மா. சின்னதா வச்சிக்கட்டும்” என்றார். மூன்றாவது புடவையைத் தபாலில் அனுப்பச் சொல்லி, பெயர் எழுதிக்கொண்டார்.

கட்டிய புடவையோடு, மடியில் மூன்று பட்டோடு திரும்பினேன். அதே கண்டக்டர். “என்னா ஆயா, பொண்ணை விட்டுட்டுப் புடவையை இட்டுக்கினு வர?” என்றார். சிரிக்கத்தான் சிரித்தேன், ஆற்காடு வரை கண் தெரியவில்லை.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். மருமகள் அழுதாள். மகன் தறிக்குழியில் இறங்கிவிட்டான். மறுநாள் அவனே கடைக்குப் போய்க் கரையில்லாத வெள்ளைப் பருத்திப் புடவை ஒன்று வாங்கி வந்து, “தபால்ல போட்டுடு” என்று சண்முகத்திடம் கொடுத்தான். பட்டு மூன்றையும் அரக்குச் சாயத்துக்குக் கொடுத்தாயிற்று. அவள் கல்யாணத்துக்கு ஆகும்.

போகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். புடவை என்று எழுதியிருந்தால் என்ன துணி, கரை உண்டா என்று ஒரு கார்டு போட்டுக் கேளுங்கள். பெட்டியில் பெயரைப் பெயிண்டில் எழுதுங்கள். தட்டு, டம்ளர், பூட்டு மறக்க வேண்டாம். துணைக்கு யார் போனாலும் போகலாம். என்னைப் போன்றவளும் போகலாம்.

வசந்தா, இதை நீயும் படிப்பாய். கூடத்தில் இருக்கிற உன் படம் ரெட்டைச் சடையும் பட்டுப் பாவாடையுமாகப் பத்து வயதில் எடுத்தது. புதுசாக ஒன்று எடுத்துத் தபாலில் அனுப்பு. அந்த வெள்ளைப் புடவையிலேயே எடு. உங்கப்பன் ஆணி அடித்து வைத்திருக்கிறான்.