எல்லாவற்றுக்கும் 'ஓம்'

எழுபதுகளின் நடுப்பகுதி. மூதூருக்கும் திருகோணமலைக்கும் இடையே கடலில் ஓடிய பயணிகள் லோஞ்ச் ஒன்றை நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். வயது நாற்பத்தைந்துகூட ஆகவில்லை. ஒருமுறை வந்த நெருப்புக் காய்ச்சலைத் தவிர ஆஸ்பத்திரிப் பக்கம் போனதில்லை. பிரஷர் என்ற சொல்லைக் கேள்விப்பட்டிருந்தேன், அவ்வளவுதான். அது எனக்கும் இருக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை; நானும் போய்ப் பார்க்கவில்லை.

நான் நோயில் விழுவதற்குச் சில நாட்களுக்கு முன்னர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது வலது கை விறைத்துக் கோப்பை நழுவியது. கொஞ்ச நேரத்தில் கை சரியாகிவிட்டது. இரவு கையை மடக்கிப் படுத்திருப்பேன் என்று நினைத்து விட்டுவிட்டேன். அது ஒரு எச்சரிக்கை என்று பிறகு டொக்டர் சொல்லித்தான் தெரியும்.

நோயில் விழுந்த அன்று காலை மூதூரிலிருந்து வெளிக்கிட்டு, கொட்டியார் குடாவின் நடுவில் வந்துகொண்டிருந்தோம். சுக்கானிலிருந்து வலது கை தானாகக் கீழே விழுந்தது. எடுத்து வைத்தேன். மறுபடி விழுந்தது. "கொஞ்சம் பிடி" என்று எஞ்சின்காரரைக் கூப்பிட வாயைத் திறந்தால், வந்தது வேறு ஏதோ சத்தம். லோஞ்ச் ஒரு பக்கமாகத் திரும்பியது. சனம் கத்தத் தொடங்கியது. எஞ்சின்காரர் பாய்ந்து வந்து சுக்கானைப் பிடித்தார். அவர் பிந்தியிருந்தால் என்ன நடந்திருக்குமோ தெரியாது. இறங்குதுறையில் நாலைந்து பேர் என்னைப் பாயில் தூக்கிக்கொண்டு போனார்கள். அதில் ஒருவர் மூதூரிலிருந்து சட்டித் தயிர் கொண்டுவந்து பட்டணத்தில் விற்கிற முஸ்லிம் வியாபாரி. நெடுநாள் பயணி. முகம் தெரியும், கதைத்துப் பழக்கமில்லை.

பாரிசவாதம் என்றார்கள். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் நன்றாகத்தான் பார்த்தார்கள். வீட்டுக்கு விடும்போது டொக்டர் என் மனைவியை இருத்தி வைத்து, எப்படிப் பக்கம் புரட்டிப் படுக்கவைப்பது, எப்படி நிமிர்த்தி இருத்திச் சாப்பாடு கொடுப்பது, கை காலை எப்படி நீட்டி மடக்குவது என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். எனக்கு எல்லாம் விளங்கியது. பேச்சுத்தான் இல்லை.

பேச்சே இல்லை என்றும் சொல்ல ஏலாது. ஆமாம் என்பதற்கு நாங்கள் சொல்கிற ஒரே ஒரு சொல் மிஞ்சியிருந்தது. "ஓம்."

இது எப்படிப்பட்ட தொல்லை என்று அனுபவித்தவருக்குத்தான் தெரியும். மனதில் 'வேண்டாம்' என்று நினைப்பேன், வாயில் "ஓம்" என்று வரும். தலையும் அதோடு சேர்ந்து ஆடும். மனைவி "இன்னும் கொஞ்சம் கஞ்சி தரட்டோ?" என்பாள். ஓம். வயிறு வெடிக்கும். உப்புவெளியில் இருந்த எங்கள் வீட்டுக்குச் சவரம் செய்ய வந்தவர், "மீசையையும் எடுத்துவிடட்டோ, இலேசாக இருக்கும்" என்றார். ஓம். இருபது வயதிலிருந்து வளர்த்த மீசை போயிற்று. அவர் கண்ணாடியைக் காட்டியபோது எனக்கு அழுகை வந்தது. அதுவும் ஒரு புதுத் தொல்லை. சின்ன விஷயத்துக்கும் கண்ணீர் வந்துவிடும். பார்க்க வந்தவர்கள் என் முன்னாலேயே, "மூளையிலும் தாக்கிப்போட்டுது, பாவம்" என்று கதைத்துவிட்டுப் போனார்கள்.

என் மனைவியின் பாடு அதைவிட மோசம். நான் பாரமான ஆள். புரட்டிப் புரட்டி அவளுக்கு இடுப்பு பிடித்துவிட்டது. எனக்குச் சாப்பாடு கொடுத்து முடித்துத் தான் சாப்பிட மறந்துவிடுவாள். கதிரையில் இருந்தபடியே கண்ணயர்ந்து, திடுக்கிட்டு எழும்பி என் மூக்கில் விரல் வைத்துப் பார்ப்பாள். வருகிற எல்லாரும் அவளிடம் "அவர் எப்படி?" என்று கேட்டார்கள். அவள் எப்படி என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது, கேட்க வழியில்லை.

எங்கள் மூத்த மகளுக்கு அந்த நேரம்தான் மட்டக்களப்பில் ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. எங்கள் குடும்பத்தில் அவ்வளவு தூரம் படித்தவர் வேறு யாரும் இல்லை. போகும் நாள் நெருங்கியது. கிளிவெட்டியில் வயல் செய்கிற என் மைத்துனர், என் மனைவியின் அண்ணன், வந்திருந்தார். தங்கையின் கோலத்தைப் பார்த்து மனம் பொறுக்கவில்லை அவருக்கு. என் கட்டிலருகில் வந்து நின்றார்.

"மச்சான், பிள்ளை இப்ப வீட்டோட நிக்கட்டும். தங்கச்சி ஒருத்தியால ஏலாது. படிப்பைப் பிறகு பாப்பம். என்ன சொல்லுறியள்?"

உள்ளுக்குள் கத்தினேன். வாய் "ஓம்" என்றது. தலை ஆடியது. கண்ணீர் வழிந்தது.

"பாத்தியா, அவருக்கும் அதுதான் விருப்பம். நிம்மதியில அழுறார்" என்று என் மனைவியிடம் சொன்னார் மைத்துனர்.

மகள் வாசற்படியில் நின்றிருந்தாள். அடுப்பு வேலையைப் பார்க்கிறதுபோலக் குசினிக்குள் போய்விட்டாள். அப்பாவே சொல்லிவிட்டார் என்று நினைத்திருப்பாள். என் வாழ்க்கையில் என்னை நானே அடிக்க வேண்டும் போலிருந்தது அன்றைக்குத்தான். அதற்கும் கை ஒன்றுதான் இருந்தது.

மைத்துனர் ஊருக்குத் திரும்புவதற்குள் அந்தத் தயிர் வியாபாரி வீடு தேடி வந்தார். ஒரு சட்டித் தயிரும் கொண்டுவந்திருந்தார். மற்றவர்கள் போல நின்றபடி பார்த்துவிட்டுப் போகவில்லை. கதிரையை இழுத்துக் கட்டிலுக்குக் கிட்டப் போட்டு, என் முகத்துக்கு நேரே இருந்தார்.

"அண்ணன், வருத்தம் கொஞ்சம் சொகமா?"

"ஓம்."

"லோஞ்ச் ஓட நாளைக்கே வாறீங்களா?"

"ஓம்."

அவர் கண்ணைச் சுருக்கினார். என் மனைவியின் பக்கம் திரும்பவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு, மெதுவாக அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"நான் ஒங்கட மாமியாரா?"

"ஓம்" என்றேன். சொல்லிவிட்டு எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. வாய் கோணிய சிரிப்பு. நோய் வந்த பிறகு முதன்முதலாகச் சிரித்தது அன்றுதான். அவரும் சிரித்தார்.

"பாத்தீங்களா, இவருக்கு எல்லாம் விளங்குது. இவர்ர 'ஓம்' ஓம் இல்ல, அவ்வளவுதான்" என்றார்.

அவருடைய தங்கை பிறவியிலேயே வாய் பேசாதவராம். அதனால்தான் பதில் வராமல் இருப்பது அவருக்குப் பயமாகவோ வெட்கமாகவோ இருக்கவில்லை. தயிர்ச் சட்டியை ஒரு பக்கமும் தண்ணிச் செம்பை மறுபக்கமும் வைத்து, "எது வேணும்? தொட்டுக் காட்டுங்க" என்றார். சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். இடது கையை எங்கே கொண்டுபோவது என்று நான் தடுமாறினேன். மனைவி உதவிக்கு வந்தாள். "விடுங்க தங்கச்சி, அவர் எடுக்கிற நேரத்த எடுக்கட்டும்" என்று தடுத்தார். கடைசியில் தண்ணிச் செம்பைத் தொட்டேன்.

என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கு உடனே அந்தக் கஞ்சியெல்லாம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். பிறகு வேறொன்றும் நினைவுக்கு வந்தது. அண்ணனைப் பார்த்தாள்.

"அண்ணை, அப்ப பிள்ளையின்ர விசயம்?"

விஷயத்தை அவள் சொல்லக் கேட்ட வியாபாரி, தன் இரண்டு உள்ளங்கைகளையும் என் முன்னால் விரித்தார். "இந்தக் கை, மகள் வீட்ட நிக்கட்டும். இந்தக் கை, படிக்கப் போகட்டும். அவசரமில்ல."

இந்தமுறை தடுமாற்றம் இல்லை. 'போகட்டும்' என்ற கையைத் தொட்டேன்.

மைத்துனர் ஒப்புக்கொள்ளவில்லை. "தற்செயலாப் பட்டிருக்கும். கையை மாத்திக் கேளுங்கோ" என்றார். நியாயமான கதைதான். வியாபாரி கைகளை மாற்றி மறுபடி கேட்டார். நான் சரியான கையைத் தேடித் தொட்டேன். தொட்டதோடு விடவில்லை. இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். சுக்கான் பிடித்துப் பழகிய ஆள், இடது கையிலும் பலம் இருந்தது. அவர் வலிக்கிறது என்று முகத்தைச் சுளித்தும் நான் விடவில்லை. மைத்துனர் "சரி மச்சான், சரி, விளங்கீற்று" என்று சொன்ன பிறகுதான் விட்டேன். மகள் குசினியிலிருந்து ஓடிவந்து என் காலடியில் இருந்து அழுதாள்.

ஆனால் பிரச்சினை அதோடு முடியவில்லை. என் மனைவி சுவரோடு சாய்ந்து நிலத்தில் இருந்தாள். "அவள் போகத்தான் வேணும். ஆனா நான் தனிய என்ன செய்யிறது? எனக்கும் ஏலாமல் கிடக்கு" என்றாள். அத்தனை காலமும் அவள் வாயிலிருந்து வராத வார்த்தை அது. பாரிசவாதம் எனக்கு, ஆனால் சொல்ல முடியாமல் கிடந்தது நான் மட்டும் இல்லை என்று அப்போதுதான் விளங்கியது.

அந்தச் சொல் வெளியே வந்ததால்தான் உதவியும் வந்தது. மைத்துனர் அறுவடை முடிந்ததும் வந்து, விதைப்புத் தொடங்கும்வரை எங்களோடு நின்றார். எஞ்சின்காரரும் இன்னொரு லோஞ்ச் தொழிலாளியும் முறைவைத்துக் காலையில் வந்து என்னைத் தூக்கிக் கிணற்றடியில் குளிப்பாட்டினார்கள். பக்கத்து வீட்டு அக்கா மத்தியானத்தில் வந்து என்னோடு இருப்பா. அந்த நேரம் என் மனைவி அறைக்கதவைச் சாத்திக்கொண்டு நித்திரை கொள்ள வேண்டும் என்பது அக்காவின் கட்டளை. வியாபாரியும் பட்டணம் வரும் நாட்களில் வந்துபோவார். அதிகம் கதைக்கமாட்டார். ஏதாவது கேட்பார், பிறகு என் பதில் வரும்வரை இருப்பார்.

மகள் மட்டக்களப்புக்குப் போய்ச் சில மாதங்கள் கழிந்திருக்கும். மனைவி ஒருநாள் கோப்பையோடு வந்து, "இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி?" என்றாள்.

"இல்லை" என்றேன்.

இரண்டுபேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "இன்னொருக்காச் சொல்லுங்கோ" என்றாள். சொன்னேன். உலகத்தில் எந்த மனுசியாவது புருசன் 'இல்லை' என்று சொன்னதற்கு இவ்வளவு சந்தோசப்பட்டிருப்பாளா தெரியாது. வேலியால் எட்டிப் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டு, அவவுக்கும் என்னைக்கொண்டு சொல்லுவித்தாள்.

அதன்பிறகு சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. எல்லாம் வரவில்லை. பொல்லு ஊன்றி நடக்கிறேன். லோஞ்ச் ஓட்டப் போனதில்லை. இறங்குதுறையில் இருந்து செய்யக்கூடிய ஒரு சின்ன வேலை கொடுத்தார்கள், இன்றைக்கும் அதுதான். இதைக்கூட நான் சொல்லச் சொல்ல மகள்தான் எழுதுகிறாள். பயிற்சி முடிந்து அவள் நாலைந்து வருடமாக நிலாவெளிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். சில இடத்தில் சொல் வராமல் நான் நிற்பேன். அவளுக்கு அது என்ன சொல் என்று தெரியும். ஆனாலும் முந்திக்கொண்டு சொல்லமாட்டாள்.

நோயில் கிடக்கிற வருத்தக்காரர் யாரையாவது பார்க்கப் போனால், இப்போதெல்லாம் நான் கட்டிலுக்குக் கிட்ட ஒரு கதிரையைப் போட்டு, சுகத்தை அவரிடமே கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை இருக்கிறேன். எழும்பி வரும்போது, அவரைப் பார்த்துக்கொள்கிறவர் நேற்று நித்திரை கொண்டாரா என்றும் கேட்காமல் வேலிப் படலையைத் தாண்ட எனக்கு மனம் வருவதில்லை.