நயினாதீவுக்கு ஒரு நாள், ஜெயந்தனின் லீவுத் தாளோடு

சுன்னாகத்தில் பிறந்து, பத்து வருடம் வளைகுடாவில் வேலை செய்து, திரும்பி வந்தும் ஆறு வருடமாகிவிட்டது. ஆனால் நயினாதீவு அம்மன் கோயிலுக்குப் போனதே இல்லை. இதை எங்கள் பக்கத்தில் வெளியே சொல்ல முடியாது, ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். அந்தப் பார்வை போதும் என்று ஆகஸ்ட் பாடசாலை விடுமுறையில் ஒரு புதன்கிழமை வெளிக்கிட்டேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து, படகு ஏறும் குறிகட்டுவானுக்கு பஸ் இருக்கிறது. எனக்கு வழியில் நின்று படம் எடுக்க வேண்டும், அதனால் ஓட்டோ பிடித்தேன். நாள் முழுவதற்கும் ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய். ஓட்டியவர் ஜெயந்தன், சரவணை ஊர்க்காரர், முப்பத்துநான்கு வயது. ஓட்டோ மச்சானுடையது. இவர் வளைகுடாவில் ஒரு வீட்டில் கார் ஓட்டுபவர், லீவில் வந்திருந்தார். வெறுமனே இருக்கத் தெரியாத ஆட்களில் ஒருவர். நானும் அங்கே ஒரு போக்குவரத்துக் கொம்பனியில் ஓட்டுநர்களின் விசாத் தாள்களோடு காலம் தள்ளியவள் என்று பண்ணைப் பாலம் தாண்டுவதற்குள் சொல்லிவிட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டேன்.

7.10க்கு வெளிக்கிட்டு 8.25க்கு இறங்குதுறைக்கு வந்தோம். படகு 8.45க்கு. ஓட்டோவை நிறுத்திய ஜெயந்தன், சீற்றுக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்ரிக் உறையை எடுத்தார்.

“அக்கா, குறை நினைக்காதேங்கோ. இதை ஒருக்காப் பாருங்கோ.”

உள்ளே இரண்டு தாள்கள். ஒன்று, அதே நாட்டில் ஒரு பஸ் கொம்பனி அனுப்பிய புது வேலை விசா. மற்றது, அவர் கார் ஓட்டும் வீட்டு முதலாளி கொடுத்த லீவு அனுமதி. அதில் “போய்த் திரும்புவார்” என்று இருந்தது. திரும்ப வேண்டிய கடைசித் திகதி வருகிற ஞாயிறு.

வேலையை முடித்துக்கொண்டு வெளியேறியவர் மட்டும்தான் புது விசாவில் நேராகப் போகலாம். திரும்புவேன் என்று வந்தவர் திரும்பாவிட்டால் பழைய வேலை அனுமதி முடிவுக்கு வராது. ஞாயிறு கடந்தால் “வரவில்லை” என்று பதிவு விழும், புது விசா தூதரகத்திலேயே நின்றுவிடும். இப்படி நின்றுபோன தாள்களை என் கையாலேயே கோப்பில் போட்டிருக்கிறேன்.

“வேலை முடிச்சுப் போறன் எண்டு ஏன் நீர் எழுதிக் குடுக்கேல்லை?”

“வெளிக்கிடேக்க ஒருத்தற்ரை முகத்தைப் பாத்துப் போறன் எண்டு சொல்லலாமோ அக்கா? போட்டு வாறன் எண்டுதானே சொல்லுறது.”

“படிவத்திலயுமோ?”

“படிவத்தை நிரப்பேக்க அவர் பக்கத்திலதான் இருந்தவர்.”

அந்த வீட்டு முதலாளியான முதியவரை ஜெயந்தன் பாபா என்றுதான் கூப்பிடுவார். ஐந்து வருடம் ஆஸ்பத்திரிக்கும் பள்ளிவாசலுக்கும் ஏற்றி இறக்கிய மனிதர். அவர் முன்னால் “இனி வரமாட்டேன்” என்று எழுத நம் ஆளுக்குக் கை வரவில்லை. சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. புது விசா இருக்கிறதே என்று இன்னும் மூன்று கிழமை வீட்டில் நிற்கும் நினைப்பில் இருந்தார். பதினொரு மாதக் குழந்தை இருக்கிறது, பிறந்த பிறகு இப்போதுதான் முதன்முறை பார்க்கிறார். வேலை மாறச் சம்மதம் வாங்க பாபாவிடம் பேசித்தான் ஆகவேண்டும் என்றேன். “அம்மாளைக் கும்பிட்டிட்டு எடுக்கிறன்” என்றார்.

படகு ஒரு வழிக்கு நூறு ரூபாய். கீழ்த்தட்டில் இருந்தால் அவிந்துபோவீர்கள், மேலே இடம் பிடியுங்கள். இருபது நிமிடத்தில் தீவு. கோபுரம் தண்ணீருக்குள்ளிருந்தே எழும்புகிற மாதிரித் தெரிந்தபோது, இவ்வளவு காலம் வராமல் விட்டதற்கு என்னையே திட்டிக்கொண்டேன். கோயிலுக்குள் ஜெயந்தன் கண்ணை மூடிக்கொண்டு நின்றார், நெடுநேரம். அன்னதானத்தில் பருப்பும் பூசணிக்காயும். நான் இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன், அவர் சோற்றை அளைந்துகொண்டிருந்தார்.

12.30க்குத் திரும்பிக் குறிகட்டுவானில் இறங்கினோம். ஜெயந்தன் போனில் மூன்று முறை பாபாவின் இலக்கத்தைத் தட்டி மூன்று முறையும் வெட்டினார். நான்காவது முறை நான் பக்கத்தில் போய் நின்றேன். ஸ்பீக்கரில் போட்டார். எனக்கும் அரபு விளங்கும்.

ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். கிழவர் கேட்டார்: “வேலை மாறுவது குற்றமா? போகும்போது ஏன் சொல்லவில்லை?”

“வெட்கம், பாபா.”

கிழவர் கட்டளை போட்டார்: “ஞாயிறுக்கு முன் வா. கார்த் திறப்பை என் கையில் தா. புதிதாக வருபவனுக்கு ஆஸ்பத்திரி வழியைக் காட்டு. மாற்றத்துக்கு நான் சம்மதம் தருகிறேன்.”

போனை வைத்துவிட்டு ஜெயந்தன் மதிலோடு குந்திக்கொண்டார். வேலை தப்பியது. வீட்டில் நிற்க நினைத்த மூன்று கிழமை போனது. “வெள்ளிக்கிழமை பறக்க வேணும் அக்கா. சுகந்திக்கு எப்பிடிச் சொல்லுறது?”

ஊர்காவற்றுறைக்குப் போய்க் கோட்டை பார்ப்பதாகத் திட்டம். அதை விட்டு நேராகச் சரவணைக்கு விடச் சொன்னேன். வாசலிலேயே மனைவி சுகந்தி குழந்தையோடு நின்றார். கணவரின் முகத்தைப் பார்த்தவுடன் கேட்டார்.

“பாபாவிட்டச் சொன்னனீங்களோ?”

ஜெயந்தன் திரும்பி என்னைப் பார்த்தார்.

“ரெண்டு கிழமையாய் அந்தத் தாளைச் சீற்றுக்குக் கீழ ஒளிச்சுக்கொண்டு திரியிறார் அக்கா. நான் வாசிக்கமாட்டன் எண்டு நினைச்சவர். ஞாயிறு எண்டு கிடக்கு எண்டு எனக்குத் தெரியும். தானாய்ச் சொல்லட்டும் எண்டு விட்டனான்.”

குழந்தையைக் கணவரின் கையில் கொடுத்துவிட்டு, எனக்குத் தேத்தண்ணி வைக்கக் குசினிக்குள் போனார். அங்கிருந்து வெகுநேரம் வரவில்லை.

போகிறவர்களுக்கு: வெள்ளி, விடுமுறை நாட்களில் படகில் நெரிசல், காலை ஒன்பதுக்கு முன் போய்விடுங்கள். தொப்பியும் தண்ணீரும் கொண்டுபோங்கள். நேரம் இருந்தால் திரும்பும்போது சாட்டிக் கடற்கரையில் கால் நனைக்கலாம். லீவில் வந்திருக்கும் ஓட்டுநர்களுக்கு: விதி நாட்டுக்கு நாடு வேறு, அடிக்கடி மாறுகிறது, ஏஜென்டின் வாயை மட்டும் நம்பாதீர்கள். லீவுத் தாளில் என்ன எழுதியிருக்கிறது, திகதி எது என்று இன்றைக்கே பாருங்கள். முதலாளியிடம் சொல்ல வேண்டியதை வெளிக்கிடும் முன்பே சொல்லிவிடுங்கள்.

கிழவர் சொன்ன சொல் மாறவில்லை. ஜெயந்தன் இப்போது பஸ் ஓட்டுகிறார். அவர் அந்த வெள்ளிக்கிழமையே பறந்தார். பிள்ளை திங்கட்கிழமை நடக்கத் தொடங்கியது.