விதி நான்கும் கான்சாபுரத்துக் கோல்கீப்பரும்

மதியம் 1.10. ராஜபாளையத்தில் பேருந்து ஏறினேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பதினோரு கிலோமீட்டர். நூற்பாலையில் இயந்திரப் பராமரிப்பு என் வேலை; ஞாயிறுகளில் கால்பந்து நடுவர். பையில் இருந்தவை: விசில் இரண்டு, மஞ்சள், சிவப்பு அட்டைகள், பந்தின் காற்றை அளக்கும் கருவி, உலகக் கால்பந்து அமைப்பின் போட்டிகளிலும் செல்லுபடியாகும் விதிப்புத்தகம்.

1.50. ஸ்ரீவில்லிபுத்தூரில் கால் கிலோ பால்கோவா, நூறு ரூபாய். வத்திராயிருப்புப் பேருந்தின் நடத்துநர் என் கறுப்பு நடுவர் சட்டையைப் பார்த்தார்.

"கான்சாபுரம் பொம்பளையாளுக பைனலுக்கா? எங்க கோல்கீப்பர் செல்வியத் தாண்டி ஒரு பந்து போவாது, பாத்துக்கிடுங்க."

நடுவர் கருத்துச் சொல்லக் கூடாது. மலையடிவாரம் வரை விரிந்த நெல்வயலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

3.40. கான்சாபுரம் மைதானம். விதி நான்கு: நகை கூடாது, டேப் ஒட்டி மறைப்பதும் கூடாது. கம்மல், வளையல், மெட்டி எல்லாம் ஒரு டிபன் பாக்ஸில் சேர்ந்தன. கடைசியாக நின்ற செல்வி மட்டும் கழுத்தை மூடிக்கொண்டார்.

"தாலியக் கழட்ட மாட்டேன்க்கா. வீட்டுக்காரருக்கு ஆகாது."

அணியில் வேறு கோல்கீப்பர் இல்லை. அவர் இறங்காவிட்டால் கோப்பை கைவிட்டுப் போனது போலத்தான். எனக்கும் வருத்தம்தான். ஆனால் விதி விதிதான்.

கோட்டுக்கு வெளியே நின்ற கணவர் முத்து, லோடு ஆட்டோ ஓட்டுபவர், நேரே வந்தார்.

"ஏட்டி, ஆகாதுன்னா எனக்குத்தான? அப்ப என் கழுத்துலயே கெடக்கட்டும்!"

"ஊரு சிரிக்கும்ங்க."

"சிரிச்சுட்டுப் போவுது. நீ கப்ப வாங்கு."

குனிந்து நின்றார். செல்வி தாலிக்கயிற்றைக் கழற்றி அவருக்குப் போட்டார்.

"ஏலே முத்து, மாப்பிள்ளை யாருலே?" என்று கூட்டம் கத்தியது.

பார்வையாளர் அணியும் நகை பற்றி விதிப்புத்தகத்தில் எதுவும் இல்லை. இரண்டு முறை பார்த்தேன். ஆட்டத்தைத் தொடங்கினேன்.

5.35. கான்சாபுரம் ஒரு கோல் முன்னிலை. கடைசி நிமிடத்தில் எதிரணிக்குப் பெனால்டி. செல்வி இடப்பக்கம் பாய்ந்து பந்தைத் தட்டிவிட்டார். இறுதி விசில் ஊதினேன்.

உள்ளே ஓடிவந்தவர் முத்து மட்டும், தாலியை ஒரு கையால் பிடித்தபடி. கையுறையோடு நின்ற செல்வி தலையைத் தாழ்த்தினார்.

"மொதல்ல இதப் போடுங்க. பொறவு குதிங்க."

அவர் போட்டார். பெண்கள் குலவையிட்டார்கள், தோற்ற அணியினரும்தான்.

6.20. திரும்பும் பேருந்து. ராஜபாளையத்தில் நான் நடத்திய எந்த இறுதி ஆட்டத்திலும் குலவை கேட்டதில்லை. மடியில் போட்டி அறிக்கை. மைதானத்துக்குள் நுழைந்த பார்வையாளர்: ஒருவர். காரணம் என்ற இடத்தில் சற்று யோசித்து, "மனைவி வென்றார்" என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.