லுவீனியாவின் ‘இஸ்திரிப்பெட்டி ராக்டைம்’

எங்கள் செடாலியாவில் பாதி ஊர்ச் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டவள் லுவீனியா டார்ப்ளி. ஞாயிறு வந்தால் தேவாலயப் பியானோ அவள் கையில். அந்த முக்காலியை அவளிடமிருந்து பிடுங்க எவளுக்கும் தைரியம் கிடையாது. வீட்டில் ஏது பியானோ? அதனால் வாரநாளில் தேவாலயத்தைப் பெருக்கப் போகும்போது, ஜன்னலைச் சாத்திவிட்டு ராக்டைம் வாசிப்பாள். இடது கை ஒழுங்காக நடைபோடும், வலது கை தாளத்துக்கு நடுவே துள்ளிக் குறும்பு பண்ணும். தேவாலயப் பெரியவர்களுக்கு அது சாத்தானின் சங்கீதம்.

அப்படித்தான் ‘இஸ்திரிப்பெட்டி’ என்ற பாட்டைக் கட்டினாள். ஒருநாள் வெக்கை தாங்காமல் ஜன்னலைத் திறந்தாள். அங்கேதான் வம்பு.

எங்கள் முன்னோரின் அடிமைத்தளை நீங்கிய விடுதலை நாள் விருந்தில் பியானோப் போட்டி நடந்தது. ஜெயிக்கிற ராக்டைமை, கட்டியவர் பெயரோடு அச்சுப் போடுவதாக இசைக்கடைக்காரர் கெஸ்லர் சொல்லியிருந்தார். லுவீனியாவுக்கு முன்னால் ஏறினான் கிளீவ் என்ற ஊர்சுற்றி. அடப்பாவி! வாசித்தது ‘இஸ்திரிப்பெட்டி’. பெயர் மட்டும் ‘பச்சைத் தொப்பி’.

“அது என்னோடது!” என்று கத்தினாள்.

“போம்மா, போய் சட்டையத் தேய்!” என்றான் அவன். கூட்டம் சிரித்தது.

அவளும் ஏறி வாசித்தாள். அச்சு அசல் அதே பாட்டு. கெஸ்லர் தலையைச் சொறிந்தார்.

“ஏன்டா, இடது கை நடையில ஒரு இடத்துல தட்டாம வெறுமனே தாண்டுறியே, எதுக்கு?” என்று கிளீவைக் கேட்டாள்.

“அது... அதான் ஸ்டைலு!”

பதில் லுவீனியாவின் நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் பாட்டு அவளுடையது. ஆனால் பொரித்த மீன் தட்டோடு எதிரே நின்றவர் தேவாலயத்தை நிர்வகிக்கும் டீக்கன் மோஸ்லி. இருந்தாலும் சொல்லிவிட்டாள்.

“ஸ்டைலும் இல்ல, மண்ணும் இல்ல. நம்ம தேவாலயப் பியானோவுல அந்தக் கட்டை ஊமை. தட்டினாலும் சத்தம் வராது, அதான் தாண்டிக் கட்டினேன். டீக்கனையே கேளுங்க, எத்தனை தடவ சரிபண்ணச் சொல்லியிருக்கேன்!”

எல்லார் கண்ணும் டீக்கன் மேல். மனுஷன் கறார்ப் பேர்வழி, பொய் மட்டும் வராது.

“ஊமைதான்,” என்றார். “அப்ப ஆண்டவர் வீட்டுலயா இந்தக் கூத்து, சிஸ்டர்?”

“எனக்கு வேற பியானோ ஏதுங்க டீக்கன்?”

“இனிமே அதுவும் இல்ல.”

கிளீவ் போன திசை தெரியவில்லை. ‘இஸ்திரிப்பெட்டி’ அச்சாகி வந்தது, அட்டையில் கொட்டை எழுத்தில் லுவீனியா டார்ப்ளி. பியானோ உள்ள வீட்டுக்காரர்கள் எல்லாம் வாங்கினார்கள். ஞாயிறுகளில் முக்காலியில் டீக்கனின் மருமகள் உட்கார்ந்து கட்டைகளைத் தடவிக்கொண்டிருந்தாள்.

“அதான் பேரு வந்துருச்சே, இன்னும் ஏன்டி மூஞ்சத் தூக்கி வச்சிருக்க?” என்றான் புருஷன் ரூபஸ்.

லுவீனியா சட்டைகளை ஒதுக்கிவிட்டு, இஸ்திரி மேசையில் அந்தத் தாளை விரித்தாள். இரண்டு கையையும் வெறும் பலகைமேல் வைத்து, முதலிலிருந்து கடைசிவரை வாசித்தாள்.

“எப்படிய்யா இருந்துச்சு?” என்றாள். கண் நிறைந்திருந்தது.