நாலு மணி வெளிச்சம்

இன்று மதியம் அபிராமபுரத்தில், கரண்ட் கம்பியில் அடிபட்டு ஒரு மரநாய் வெள்ளை மதில் ஓரமாகச் செத்துக் கிடந்தது.

உச்சி வெயில். கறுப்பு ரோமத்தைப் படமெடுக்க இதைவிட மோசமான வெளிச்சம் கிடையாது. மதில் சரியாக வந்தால் விலங்கு வெறும் கறுப்புத் திட்டாகிவிடும். ஒரே ஒரு படம் எடுத்துப் பார்த்தேன். அப்படித்தான் வந்தது.

அதை அள்ளிப் போட வந்தார், எங்கள் தெருவைக் கூட்டும் செல்வி அக்கா. “நாலு மணி வரைக்கும் தொடாதீங்கக்கா, வெயில் தணிஞ்சதும் நல்லா எடுக்கணும்” என்றேன்.

“சீக்கிரம் வா சார், நாறிடும்.”

வீட்டில் சாப்பிட்டுவிட்டு, அந்தப் படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டு வெளிச்சத்தைக் கூட்டினேன். கறுப்புக்குள்ளிருந்து வயிறு தெரிந்தது. வயிற்றோடு ஒட்டிக்கொண்டு ஒரு குட்டி, கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஓடினேன். கொதிக்கும் தார் ரோட்டில் குட்டியும் செத்திருந்தது.

அக்கா எதிர்ப்பக்க மர நிழலில் காத்திருந்தார். “நீதான சார் தொடாதன்னு சொன்ன? நான் கிட்டவே போவல.”

நாலு மணிக்கு வெளிச்சம் அருமையாகத்தான் இருந்தது.

என் படங்களுக்குக் கீழே ‘செம லைட்டிங்’ என்று எழுதுவீர்களே, இதற்கு என்ன எழுதுவீர்கள்?