காளீஸ்வரனின் தள்ளாட்டம்

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் காளீஸ்வரன் மருந்து செலுத்துகிற வேலை பார்த்தான். காகிதக் குழாய்க்குள் வெடிமருந்தைச் சிந்தாமல் நிரப்ப வேண்டும். பதனமான கை என்று பெயர் எடுத்தவன். குடிப்பழக்கம் கிடையாது. அதற்குக் காரணம் அவனுடைய அப்பா ஆண்டிச்சாமி. அவரை ஊரில் குடிகாரன் என்றுதான் சொல்வார்கள். தெருவை அளந்துகொண்டு நடப்பார், பேச்சு குழறும். காளீஸ்வரன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது, வரப்பில் வந்தவர் கால் பிசகிக் கிணற்றுக்குள் விழுந்து செத்துப்போனார். போதையில் விழுந்தார் என்று ஊர் முடிவு கட்டியது. அப்பனைப் போல் ஆகிவிடக் கூடாது என்ற வைராக்கியத்தில் வளர்ந்தவன் காளீஸ்வரன்.

2004இல் அவனுக்கும் கால் தடுமாற ஆரம்பித்தது. முதலில் கம்பெனி வேனிலிருந்து இறங்கும்போது. பிறகு சமதரையிலும். காலை அகட்டி வைத்து நடந்தான். நாக்கு தடித்தாற்போல் பேச்சு இழுபட்டது. போர்மேன் சங்கிலிமுத்து காலையில் வாசலிலேயே நிறுத்தி வாயை ஊதச் சொல்வார். வாடை இருக்காது. ஆனால் ஒருநாள் தட்டு சாய்ந்து மருந்து தரையில் கொட்டிவிட்டது. சங்கிலிமுத்து அவனை வெளியே அழைத்துவந்தார்.

"காளி, நீ குடிக்கியோ இல்லையோ எனக்குத் தெரியாது. உள்ள அம்புட்டுப் பேரு உசிரு இருக்கு. நாளையிலருந்து வராதப்பா."

"அண்ணாச்சி, எம் மக மேல சத்தியமா..."

"ஒங்கப்பாவும் இப்படித்தான் சத்தியம் பண்ணுவாரு."

காளீஸ்வரன் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

பெற்ற தாய் கருப்பம்மாளே அவனை நம்பவில்லை. "அப்பன் புத்தி வந்துருச்சு" என்று சோற்றை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நம்பியது மனைவி சுப்புத்தாய் ஒருத்திதான். ராத்திரி முழுக்கப் பக்கத்தில் படுத்திருந்தவன் விடிந்ததும் வாசல்படியில் தடுமாறுவதை அவள் பார்த்திருந்தாள்.

"தூங்கி எந்திரிச்ச மனுசன் எங்கன போயிக் குடிச்சாரு? நீங்களே சொல்லுங்க அத்தை" என்றாள்.

சுப்புத்தாய்தான் அவனை மதுரைக்கு, நரம்பு டாக்டர் முஹ்சினாவிடம் கூட்டிப்போனாள். விருதுநகரில் பிறந்து வளர்ந்த டாக்டர் அவர். ஸ்கேனில் சிறுமூளை சுருங்கித் தெரிந்தது. வம்சத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று கேட்டுக்கொண்டு, ஆராய்ச்சிக்காக ரத்தம் எடுத்து அனுப்பினார். முடிவு வரப் பல மாதம் ஆனது. அதற்குள் சுப்புத்தாய் பட்டாசுக்குத் திரி வைக்கிற வேலைக்குப் போய்வர ஆரம்பித்திருந்தாள். முடிவு கேட்கக் கருப்பம்மாளும் கூடப் போனாள்.

"செல்லுக்குள்ள சேதி கடத்த என்சைம்னு சில பொருள் இருக்கு" என்று டாக்டர் நிதானமாகச் சொன்னார். "அதுல ஒண்ணு, புரோட்டீன் கைனேஸ் சி காமா. ஈரல், இதயத்துலல்லாம் அது கிடையாது. மூளையிலயும் தண்டுவடத்துலயும்தான் இருக்கு. அதுலயும் நெறைய இருக்கறது பின்மண்டைல, இந்தச் சிறுமூளைல. எலிக்கும் அப்படித்தான், மனுசனுக்கும் அப்படித்தான். நடை, கை, பேச்சு தடுமாறாமப் பாத்துக்கறது அந்த இடம். ஒங்களுக்கு அந்த என்சைம் பொறவியிலேயே பிழையா அமைஞ்சிருக்கு. குடிச்சவங்களுக்குத் தடுமாறுறதும் அதே இடந்தான். அதான் பாக்குறவங்களுக்கு வித்தியாசம் தெரியல."

"மருந்து இருக்குல்ல, டாக்டரம்மா?" என்றாள் சுப்புத்தாய்.

"இப்போதைக்கு இல்ல. உயிருக்குப் பயமில்ல. மெதுவா, கூடிக்கிட்டே போகும்."

"இது எப்படி வந்துச்சு?" என்றான் காளீஸ்வரன்.

"அநேகமா அப்பா, அம்மா ரெண்டு பேர்ல ஒருத்தர்கிட்ட இருந்து." டாக்டர் கருப்பம்மாளைப் பார்த்தார். அறுபது தாண்டியும் ஊன்றுகோல் இல்லாமல் நிமிர்ந்து நின்றிருந்தாள் அவள்.

சுப்புத்தாய் எட்டு வயது ஓவியாவைப் பற்றிக் கேட்டாள். வரலாம், வராமலும் போகலாம், பாதிக்குப் பாதி என்றார் டாக்டர். நோய் தெரியாத பிள்ளைக்கு இப்போது சோதனை வேண்டாம், வளர்ந்தபின் அவளே முடிவு செய்யட்டும் என்றார்.

திரும்பும் பஸ் காரியாபட்டியைத் தாண்டியது. பிறகு கருப்பம்மாள் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாள்: "ஒங்கப்பா கருப்பசாமி கோயில்ல சூடத்த அணைச்சுச் சத்தியம் பண்ணுனாக, குடிக்கலன்னு. சாமியவே ஏமாத்துறீகளான்னு கேட்டேன். எத்தனையோ ராத்திரி சோறு போடாமக் கதவச் சாத்தியிருக்கேன்."

காளீஸ்வரன் அம்மாவின் கையைப் பிடித்தான். அவன் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. அவள் விலக்கவில்லை.

ஊரில் கருப்பம்மாள் வீடுவீடாகப் போய்ச் சொன்னாள். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். செத்து இருபது வருஷம் ஆனவர் குடித்தாரா இல்லையா என்பதில் யாருக்கும் அக்கறை இருக்கவில்லை. அந்த வருஷத் தெவசத்துக்குக் கொழுந்தன் பலவேசம் வழக்கம்போல் படையலில் வைக்க ஒரு குவாட்டர் பாட்டில் வாங்கிவந்தார், அண்ணனுக்குப் பிரியமானது என்று. கருப்பம்மாள் அதைத் திருப்பிக் கொடுத்தாள்.

"அவுகளுக்குக் கருப்பட்டிக் காப்பிதான் உசிரு" என்றாள். தம்ளர் நிறையக் காப்பி வைத்துவிட்டு, படத்துக்கு முன்னால் கையைக் கூப்பமுடியாமல் உட்கார்ந்து அழுதாள்.

இரண்டு வருஷத்தில் கருப்பம்மாள் போய்ச் சேர்ந்தாள். காளீஸ்வரன் இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறான். ஞாபகம், கணக்கு எதிலும் குறைவில்லை. பேச்சுத்தான் வெளியாட்களுக்கு விளங்காது. யாராவது வந்தால் ஓவியா அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, அவன் சொல்வதைத் திருத்தமாக எடுத்துச் சொல்வாள். அடுப்படியிலிருந்து சுப்புத்தாய், எங்காவது நாக்கு இழுபடுகிறதா என்று, மகளின் பேச்சை ஒவ்வொரு சொல்லாகக் கேட்டுக்கொண்டிருப்பாள்.